யஷ்பாலும் ஒரு டிவி மெக்கானிக்கும்

கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலை இருக்கிறதே, அதைக் குடையாக விரித்துக் கட்டி, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து டிவி படம் வாங்கலாம். கதையில்லை. 1975 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கி ஒரு வருஷம், ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் அப்படித்தான் டிவி ஓடியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது அதே ஆகஸ்ட் 15இல். ஆக, மெட்ராஸ்காரர்களுக்கு இரண்டு வாரம் முன்னாலேயே ராய்ச்சூர் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் டிவி பார்த்துவிட்டார்கள்.

என் தொழில் டிவி ரிப்பேர். குடியாத்தத்தில் கடை. இப்போது சிசிடிவி, இன்வெர்ட்டர், செல்போன் என்று எது வந்தாலும் பார்க்கிறேன். ஆனால் கை பழகியது டயனோரா, சாலிடேர் டிவி காலத்தில். வேலூரில் பிஎஸ்சி இயற்பியல் முடித்தேன். மேலே படிக்க வைக்க நைனாவிடம் காசில்லை, தறி ஓட்ட எனக்கு இஷ்டமில்லை, சாலிடரிங் அயர்னைப் பிடித்துக்கொண்டேன். அதனால் கோழி வலைச் சேதியைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் கேள்வி தொழில்காரனுடையது: அது எப்படி வேலை செய்யும்?

கணக்கு சுலபம். அந்தச் செயற்கைக்கோள் அனுப்பிய அலைவரிசை 860 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் கிட்டத்தட்ட 35 சென்டிமீட்டர். வலையின் கண் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். அலைநீளத்தைவிட ஓட்டை ரொம்பச் சின்னதாக இருந்தால் அந்த அலைக்கு அங்கே ஓட்டை இருப்பதே தெரியாது. தகட்டில் பட்ட மாதிரி திரும்பிவிடும். சரி, அப்படியானால் தகட்டிலேயே செய்துவிட்டுப் போகலாமே? கனம், விலை எல்லாம் போக, காற்று என்று ஒன்று இருக்கிறது. மூன்று மீட்டர் அகலத் தகட்டை மொட்டை மாடியில் நிறுத்திப் பாருங்கள், ஐப்பசிக் காற்று பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தெருவில் போடும். வலைக்குள் காற்று நுழைந்து போய்விடும், அலை மட்டும் நிற்கும். அதோடு, கீழே இவ்வளவு சிக்கனமாக இருக்க முடிந்ததற்கு மேலே இருந்த ஏற்பாடும் காரணம். நாசாவின் ஏடிஎஸ்-6 என்ற அந்தக் கோளுக்கு ஒன்பது மீட்டர் அகலத்தில் சொந்தமாக ஒரு விரிகுடை ஆன்டெனா இருந்தது. கனமான செலவையெல்லாம் வானத்தில் ஒரே இடத்தில் வைத்துவிட்டார்கள், கிராமத்துக்கு வலை போதும்.

இந்தச் சோதனையை நடத்திய அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்கு முதல் இயக்குநர் யஷ்பால். 1973இல் அந்தப் பொறுப்புக்கு வரும்வரை அவருக்கும் டிவிக்கும் சம்பந்தமே கிடையாது. காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்காரர். இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. தமிழில் இவர் பேரைச் சொன்னால் 'யார், அந்த இந்தி நாவலாசிரியரா?' என்று கேட்பார்கள். அவர் வேறு யஷ்பால். இவர் பேராசிரியர் யஷ்பால், தூர்தர்ஷன் யஷ்பால்.

பிறந்தது 1926 நவம்பர் 26, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஜங் என்ற ஊரில். அதே வருஷம் ஜனவரியில் பிறந்து அதே ஜங்கில் வளர்ந்த இன்னொருவர் அப்துஸ் சலாம், பின்னால் நோபல் பரிசு வாங்கியவர். ஒரே ஊர், ஒரே வருஷம், இரண்டு இயற்பியல்காரர்கள். நடுவில் பிரிவினை வந்து ஆளுக்கொரு தேசமாக்கியது. பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1949இல் எம்எஸ்சி முடித்த யஷ்பால் நேராக பம்பாய்க்கு, ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனார். நடுவில் அமெரிக்கா போய் எம்ஐடியில் 1958இல் முனைவர் பட்டம். திரும்ப பம்பாய்.

அங்கே அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவர் பேசிய பேச்சுக்கெல்லாம் வேர் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விண்வெளியிலிருந்து புரோட்டான் மாதிரித் துகள்கள் ஓயாமல் பூமிமேல் வந்து விழுகின்றன. இவைதான் காஸ்மிக் கதிர்கள். காற்று மண்டலத்தின் மேல்பகுதியில் ஏதாவது ஓர் அணுக்கருவில் மோதிச் சிதறுகின்றன. அந்தச் சிதறலில் பையான், கே-மெசான் என்று புதுத் துகள்கள் பிறக்கின்றன. பையான் சிதைந்து மியூவான் ஆகிறது. மியூவானின் சராசரி ஆயுள் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அந்த நேரத்தில் ஒளியின் வேகத்தில் ஓடினாலும் 700 மீட்டர்கூடத் தாண்ட முடியாது. ஆனால் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது தரைவரை வந்து சேர்கிறது. காரணம் ஐன்ஸ்டைன்: அவ்வளவு வேகத்தில் போகும் பொருளின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் விழுகிறது. உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்றாவது அதைத் துளைத்துப் போகும். வேலூர் வெயிலிலும் போகும், கூரைக்குள் ஒளிந்தாலும் போகும்.

இவற்றைப் பிடிக்க அந்தக் காலத்தில் பெரிய எந்திரம் எதுவும் இல்லை. தடித்த போட்டோ எமல்ஷன் தகடுகளை அடுக்கி, பலூனில் கட்டி மேலே அனுப்புவார்கள். துகள் பாய்ந்த இடத்தில் கோடு விழும். இறங்கியதும் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, கோடு கோடாக அளப்பார்கள். மாதக்கணக்கில் வெறும் கோடு பார்க்கிற வேலை. எந்தக் கோடு எங்கே தொடங்கியது, எங்கே உடைந்தது, ஏன் வளைந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிவி ரிப்பேரும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான், அதனால் எனக்கு அந்த மனிதர்மேல் தனிப் பிரியம். பெர்னார்ட் பீட்டர்ஸ் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து 1964இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பற்றியது.

இங்கே ஊர்க்கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதே டாடா நிறுவனத்தின் இன்னொரு குழு, ஸ்ரீகண்டன், மேனன் போன்றவர்கள், மேலே பலூன் விடுவதற்குப் பதிலாகக் கீழே இறங்கினார்கள். கோலார் தங்கவயலில். வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தங்கவயலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் ஏழெட்டுக் குடும்பத்துக்கு ஒன்றிலாவது சுரங்கத்துக்குப் போனவர் இருப்பார். என் பெரியப்பாவும் போனவர். இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், மேலே இருக்கிற பாறையே சல்லடையாக மியூவானையெல்லாம் தடுத்துவிட, எதிலும் லேசில் மோதாமல் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகள் மட்டும் கடந்து வருகிறதா என்று அங்கே பார்த்தார்கள். 1965இல் பிடிபட்டது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை உலகத்தில் முதன்முதலாகப் பார்த்த இரண்டு இடங்களில் ஒன்று தங்கவயல், மற்றது தென்னாப்பிரிக்கச் சுரங்கம்.

இதை நான் கல்லூரியில் படிக்கும்போது பெரியப்பாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "ஆமாண்டா, கீழ ஒரு பக்கம் சில சார்ங்க இரும்புப் பொட்டியா அடுக்கி வெச்சினு உக்காந்திருப்பாங்க. தங்கம் தோண்டுற எடத்துல இவங்க இன்னாத்தத் தேடுறாங்கன்னு எங்களுக்கு ஒரே சிரிப்பு" என்றார். "கேட்டீங்களா பெரியப்பா?" என்றேன். "நாங்க யார்ரா கேக்க?" என்றார்.

அந்தப் பதிலைத்தான் யஷ்பால் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார் என்று எனக்குத் தோன்றும். கேட்பதற்கு ஒரு தகுதி வேண்டும், படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. அவர் அறிவியலை மக்களிடம் கொண்டுபோனார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஜனங்களிடமிருந்து கேள்வியை எடுத்துக்கொண்டுபோனார் என்பதுதான் விஷயம்.

அகமதாபாத் காலத்தைப் பாருங்கள். அந்த ஒரு வருஷச் சோதனையில் தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி என்று நான்கு மொழிகளில் நிகழ்ச்சி போனது. தமிழ்நாடு பட்டியலில் இல்லை, எனவே தமிழ் இல்லை. விவசாயம், உடல்நலம், பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல். படம் ஒன்றாக இருக்கும், கூடவே இரண்டு மொழி ஒலி போகும், ஊருக்குத் தக்கபடி பெட்டி எடுத்துக்கொள்ளும். தில்லியில் உட்கார்ந்து எதையோ தயாரித்துக் கிராமத்தின் தலையில் கொட்டுவதற்கு இதைவிட வசதியான கருவி கிடையாது. எமர்ஜென்சிக் காலம் வேறு. அதற்கும் பயன்பட்டிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் சமூகவியல் படித்தவர்களைக் கிராமங்களிலேயே தங்கவைத்து, ஜனங்கள் என்ன பார்க்கிறார்கள், என்ன புரிகிறது, எப்போது எழுந்து போகிறார்கள் என்று கவனித்து எழுதச் செய்ததும் அதே திட்டம்தான். 1976 ஜூலை 31ஆம் தேதி முடிந்தது. நாசா தன் கோளை நகர்த்திக்கொண்டு போய்விட்டது.

அதன் தொடர்ச்சி எங்களுக்கு வேறு வழியில் வந்தது. 1983இல் இன்சாட்-1பி மேலே போனது. அடுத்த வருஷம் நாடு முழுக்கச் சின்னச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் முளைத்தன. அதற்கு முன்னால் குடியாத்தத்தில் மெட்ராஸ் நிலையத்தைப் பிடிக்கிறதென்றால் முப்பது நாற்பது அடி ஜிஐ பைப்பில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, மாடியில் ஒருத்தர் பைப்பைத் திருப்ப, கீழே ஒருத்தர் "வருது... வருது... போச்சு" என்று கத்த, கடைசியில் கிடைப்பது புள்ளிப் புள்ளியாக ஒரு முகம். அது கதாநாயகியா செய்தி வாசிப்பவரா என்று வீட்டுக்காரர்களுக்குள்ளேயே சண்டை வரும். டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு எனக்குச் சோறு கிடைத்தது. அந்த வகையில் நான் அந்த அகமதாபாத் கோஷ்டிக்குக் கடன்பட்டவன்.

பிறகு யஷ்பால் பெரிய நாற்காலிகளில் உட்கார்ந்தார். ஐநா சபையின் இரண்டாவது விண்வெளி மாநாட்டுக்குப் பொதுச் செயலர், அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலர், 1986இலிருந்து 1991வரை பல்கலைக்கழக மானியக் குழுத் (யுஜிசி) தலைவர். பதவிப் பட்டியல் நமக்கு எதற்கு. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகக் கோடிகள் கொட்டிக் கருவி வாங்க முடியாது, எல்லாரும் வந்து பயன்படுத்த ஓர் இடம் இருக்கட்டும் என்று பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பொது மையங்களை வளர்த்தார். வானியலாளர் நார்லிகர் தலைமையில் புனேயில் 1988இல் தொடங்கிய வானியல் மையம் அந்த வழியில் வந்தது.

வானியல் என்றதும் நம் மலை ஞாபகம் வருகிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். யஷ்பாலைவிட ஒரு வயது இளையவரான வானியலாளர் வைணு பாப்பு, வானாய்வகத்துக்காகத் தேடித் தேர்ந்தெடுத்த இடம். 1960களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஆரம்பித்து, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் காவலூருடையதும் ஒன்று. பாப்பு கனவு கண்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி முடிவதற்குள் 1982இல் அவர் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிரதமர் வருகிறார், ரோடு போடுகிறார்கள் என்பதுதான். அன்றைக்கு ஆசியாவிலேயே பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று நம் ஜில்லாவில் நின்றது, அதில் என்ன பார்க்கிறார்கள் என்று எடுத்துச் சொல்ல ஒருத்தர் இல்லை. இயற்பியல் வகுப்பிலேயே இல்லை. பாப்பு மேதை, அதில் பேச்சே இல்லை. ஆனால் மேதைகள் மலையில் இருந்தால் அடிவாரத்தில் ஒரு யஷ்பால் வேண்டியிருக்கிறது.

அடிவாரத்து யஷ்பாலை நாங்கள் பார்த்தது தூர்தர்ஷனில். 'டர்னிங் பாயின்ட்' என்ற அறிவியல் நிகழ்ச்சி. கிரீஷ் கர்னாட் தொகுத்து வழங்குவார். நேயர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு யஷ்பால் பதில் சொல்வார். வெள்ளைத் தலை, தொளதொளச் சட்டை, பக்கத்து வீட்டுத் தாத்தா தோரணை. எங்கள் வீட்டில் பாஷை பாதிக்குமேல் புரியாது. இருந்தும் பார்ப்போம், காரணம் அந்தக் கைகள். சொல்வதையெல்லாம் கையாலேயே காட்டுவார். ஒரு கேள்வியை வாசித்ததும் சட்டென்று பதிலுக்குத் தாவ மாட்டார். கேள்வியை ஒருமுறை சுற்றி வருவார். இதைக் கேட்ட பிள்ளை எதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கும் என்பதிலிருந்து ஆரம்பிப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் கூசியதில்லை. முன்னாள் யுஜிசி தலைவர், தேசத் தொலைக்காட்சியில் வந்து தெரியாது என்கிறார்! எங்கள் தெரு வாத்தியார்கள் ஒருத்தர் வாயிலும் அந்தச் சொல்லை நான் கேட்டது கிடையாது.

தமிழில் சுஜாதாவும் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார், நானும் வரிசையில் நின்று படித்தவன்தான். அவர் பதில் பளிச்சென்று முடியும். படித்துவிட்டு 'அடடா' என்று பத்திரிகையை மூடுவோம். யஷ்பால் அப்படி முடிக்க மாட்டார். இழுப்பார், வேறு எங்கோ போவார், சில சமயம் கேள்வியையே மறந்துவிட்டாரோ என்று தோன்றும். நல்ல எழுத்து என்று பார்த்தால் சுஜாதாதான். எனக்கு ரிப்பேரில் உதவியது யஷ்பால்.

இப்போது பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளுக்கு அவ்வப்போது கூப்பிடுகிறார்கள், பழைய டிவி போர்டு கொடுப்பேன் என்பதால். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் ஒளியின் வேகம் இவ்வளவு, சூரியன் இத்தனை கோடி கிலோமீட்டர், மூளையில் இத்தனை நியூரான் என்று அடுக்குவார். பிள்ளைகள் கை தட்டும். யூடியூபிலும் அதேதான், இசை மட்டும் கூடுதல். மிரட்டலுக்கும் வியப்புக்கும் நடுவில் கோடு மெல்லியது. எண்களால் மிரண்ட பிள்ளை அப்புறம் வாயைத் திறக்காது.

1995க்கு வருகிறேன். அந்த வருஷம் செப்டம்பர் 21ஆம் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று நாடே கிளம்பியது. எங்கள் தெருக்கோயிலிலும் டம்ளரோடு வரிசை. கரண்டிப் பால் கல்லின் நுனியில் பட்டதும் பரப்பு இழுவிசையால் மெல்லிய படலமாகக் கல்லோடு வழிந்து இறங்கிவிடும். கல் வெள்ளை என்றால் கண்ணுக்கே தெரியாது. சாயம் கலந்த பாலில் விஞ்ஞானிகள் டிவியில் செய்தே காட்டினார்கள். அடுத்த மாதமே முழுச் சூரிய கிரகணம். அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள். ராஜஸ்தானில் தொடங்கி வங்காளம் வழியாகப் போகிற ஒரு குறுகிய பட்டையில் மட்டும் முழுக் கிரகணம், நமக்குப் பகுதிதான்.

1980 பிப்ரவரியில் வந்த முழுக் கிரகணத்துக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. இந்தத் தடவை அறிவியல் இயக்கத்துக்காரர்கள் முன்கூட்டியே வந்து கண்ணாடி விற்றார்கள், பள்ளிக்கூடங்களில் பேசினார்கள். நான் கடை வாசலில் இருபது அங்குலக் கலர் டிவியை எடுத்து வைத்தேன். தூர்தர்ஷன் கிரகணப் பாதையிலிருந்து நேரடியாக ஒளிபரப்பியது. யஷ்பால் வந்து உட்கார்ந்து பேசினார். எட்டரை மணி வாக்கில் திரையில் சூரியன் அணைந்தது, சுற்றிலும் வெள்ளைக் கிரீடம் தெரிந்தது, ஓரத்தில் வைர மோதிரம் மின்னியது. ஒரு நிமிஷத்தை ஒட்டிய நேரம்தான். அந்தக் கிழவர் குழந்தையாகிவிட்டார். எழுபதை எட்டப்போகிற, கதிர்களையே பார்த்துக் காலம் கழித்த மனிதர் குரல் தழுதழுக்கப் பேசியதைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற தறிக்காரர்கள், "இவருக்கே இப்படியா?" என்றார்கள்.

கடைக்குப் பின்னாலேயே எங்கள் ஓட்டு வீடு. அம்மா தயிர்ச்சட்டியிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பைப்புல்லைப் போட்டுவிட்டு, மாசமாக இருந்த என் தங்கையை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டு, அடுப்படியில் இருந்தார். வெளியே வரமாட்டார், டிவியும் பார்க்கமாட்டார். உள்ளே போய்ப் பார்த்தால், ஓட்டின் இடுக்கு வழியாகத் தரையில் எப்போதும் வட்டமாக விழும் வெயில் பொட்டு, பிறையாக விழுந்துகொண்டிருக்கிறது. ஒன்று இல்லை, ஐந்தாறு பிறை. ஓட்டை சதுரமோ கோணலோ, சின்னதாக இருந்தால் அதன் வழியே விழுவது சூரியனின் படம். தினமும் அடுப்படித் தரையில் சூரியனின் படம்தான் விழுந்துகொண்டிருந்தது, அன்றைக்குத்தான் அது தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளியே போகாமலேயே கிரகணம் வீட்டுக்குள் வந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. குனிந்து வெகுநேரம் பார்த்தார். தங்கச்சியைப் பார்க்க விடவில்லை.

அப்புறம் டிவிக்கும் வந்தார். பார்த்துவிட்டு, "அங்க அவ்ளோ இருட்டாச்சே, இங்க மட்டும் ஏன்டா ஆவல? சூரியன் ஒண்ணுதான?" என்றார். நிலாவின் முழு நிழல் பூமியை வந்து தொடும்போது கூர்ந்து கூர்ந்து சில பத்து கிலோமீட்டர் அகலமாகிவிடுகிறது, அந்த நிழல் போகிற வழியில் இருந்தால்தான் இருட்டு என்று விளக்கினேன். "அப்ப நெழலு ஓடிப்போயிடுது. நாம ஒண்ணும் பண்ணல, அதுவும் நம்மள ஒண்ணும் பண்ணல" என்றார். குளித்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைத்தார், அது வேறு. அந்த ஒளிபரப்பில் யஷ்பால் யாரையும் திட்டவில்லை, மூடர்களே என்று பேசவில்லை. கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, 'பார், பார்' என்றார். பகுத்தறிவு பேசுகிற நம் ஆட்கள் பலருக்கு, நான் உட்பட, அந்தப் பொறுமை கிடையாது.

அவர் செய்ததிலேயே நம் வீடுகள்வரை வந்து சேர்ந்தது புத்தக மூட்டை விவகாரம். எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது பேசிய முதல் பேச்சு, பிள்ளைகள் முதுகில் சுமக்கும் பையைப் பற்றியது. பிறகு மத்திய அரசு 1992இல் யஷ்பால் தலைமையில் குழு போட்டது. 1993 ஜூலையில் அறிக்கை வந்தது. பையை நிறுத்துப் பார்த்து இத்தனை கிலோ குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தக் குழு சொன்னது வேறு: பையின் கனத்தைவிட மோசமான பாரம், படிப்பது புரியாமல் போகிற பாரம். பிள்ளையின் கேள்விக்கு இடமில்லாத பாடப்புத்தகம் எத்தனை கிராம் இருந்தாலும் கனம்தான். தேசியப் பாடத்திட்ட வரைவு 2005க்கும் அவரே வழிகாட்டுக் குழுத் தலைவர். பள்ளிக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையோடு பாடத்தை இணைக்க வேண்டும் என்பது அதன் முதல் கொள்கை.

தமிழ்நாட்டில் 2012இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை வந்து, புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். என் மகளின் பை உண்மையிலேயே இளைத்தது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றது. நல்லது. ஆனால் இளைத்த பைக்குள் ஒரு டியூஷன் நோட்டும் ஒரு கைடும் வந்து உட்கார எத்தனை நாள் ஆகும்? அறிக்கையின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, தராசில் வைக்க முடியாத இரண்டாவது பாதியை விட்டுவிட்டோம்.

கோர்ட் என்றதும் இன்னொன்று. சத்தீஸ்கரில் ஒரு சட்டம் போட்டு, கொஞ்ச காலத்துக்குள் நூற்றுக்கும் மேல் தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. ஒற்றை அறையில் பல்கலைக்கழகம் என்கிற கதையெல்லாம் நடந்தது. எழுபது தாண்டிய வயதில் யஷ்பால் உச்ச நீதிமன்றம் போனார். 2005இல் அந்தச் சட்டப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கே அவர் பேரில்தான் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 2009இல் உயர்கல்விக்கு இன்னொரு குழு, இன்னொரு அறிக்கை, தான் தலைவராக இருந்த யுஜிசியையே கலைத்துவிட்டு வேறு அமைப்பு கொண்டுவரச் சொன்னார். அது அப்போது நடக்கவில்லை. அறிக்கை எழுதுகிற யஷ்பாலைவிடக் கேள்விக்குப் பதில் சொல்கிற யஷ்பால் ஜெயித்தார் என்பது என் கட்சி.

அதே 2009இல், அறிவியலை மக்களிடம் கொண்டுபோகிறவர்களுக்கு யுனெஸ்கோ தரும் கலிங்கா பரிசு, 2013இல் பத்ம விபூஷண். சண்டிகரின் 'டிரிப்யூன்' பத்திரிகையில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்தார். 2017 ஜூலை 24ஆம் தேதி நொய்டாவில் காலமானார், தொண்ணூறு வயது. மறுநாள் தமிழ்ப் பேப்பரில் தேடிப் பிடித்துதான் படித்தேன்.

இதையெல்லாம் நான் சண்டை போடுவது கடைக்கு வரும் ஓர் இயற்பியல் வாத்தியாரிடம். நல்ல மனிதர், பாடமும் நன்றாக நடத்துவார். "ஏம்ப்பா, அறுபது பிள்ளைங்க. ஆளுக்கொரு கேள்வி கேட்டா போர்ஷன் எப்ப முடியும்? பப்ளிக் எக்ஸாம்ல யஷ்பாலா வந்து உக்காருவாரு?" என்பார். நான் மியூவானை எடுப்பேன். உள்ளங்கையை நீட்டச் சொல்லி, இது வழியா இப்ப ஒண்ணு போச்சு, எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு பிரியடு மட்டும் பிள்ளைங்களப் பேச விடுங்க சார் என்பேன். "சிலபஸ்ல இல்ல" என்பார். சிலபஸை யார் போட்டது என்பேன். அதற்குள் டீ வந்துவிடும். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விடுவதாக இல்லை.